விதைச் சாமையும் பங்குப் பணமும்

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு (இயற்பியல்) மாணவி

முன்னுரை

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் செல்லும் சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, அரை மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர் வரும். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்படிப் படிக்க வந்தவர்களுக்கு ஊரில் ஒரு வேலை தானாகவே வந்து சேரும். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது முதல் வங்கியில் படிவம் நிரப்புவது வரை எல்லாவற்றுக்கும் நம்மைத்தான் தேடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சென்ற தை விடுமுறையில் என்னிடம் வந்த கேள்வி படிவத்தோடு முடியக்கூடியதாக இல்லை.

"அம்பதாயிரம் பங்கு போடச் சொல்றாங்க பாப்பா. போடலாமா, வேணாமா? நீதான் படிக்கிறியே, சொல்லு" என்று அம்மா கேட்டார்.

அதற்கு விடை தேடப் புகுந்து நான் கற்றவற்றையே இக்கட்டுரையில் தருகிறேன். சிறிய அளவில் ஒரு பொருளைச் செய்து விற்கத் தொடங்கும் புதுத் தொழிலில் பணம் போடுவதற்கு முன் எவற்றையெல்லாம் எடை போட வேண்டும் என்பதே இதன் பொருள். நம் கல்லூரியில் படிப்போரில் பலர் என்னைப்போல் முதல் தலைமுறையினர். இன்றில்லாவிட்டாலும் நாளை இக்கேள்வி அவர்கள் வீட்டுத் திண்ணைக்கும் வரக்கூடும்.

கேட்டவர் யார்?

பணம் கேட்டவர் அயலார் அல்லர். எங்கள் மலையிலேயே பிறந்தவர். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து, ஓசூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, பின் மலையடிவாரத்தில் ஒரு சிறு பட்டறை வைத்தவர். நான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். அவர் சாமையின் உமி நீக்கும் சிறிய இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார்.

சாமையே எங்கள் மலையின் உயிர்ப்பயிர். ஆனால் அதைச் சோறாக்குவது எளிதன்று. மணி மிகச் சிறியது, உமியோ இறுக்கமானது. முன்பு உரலில் குத்தினார்கள். இப்போது பெரும்பாலோர் உமியோடு வியாபாரியிடம் விற்றுவிட்டு, ரேஷன் அரிசியைச் சமைக்கிறார்கள். அதே சாமை அரிசியாகி நகரத்துக் கடையில் வேறு விலைக்கு நிற்கிறது. ஊரிலேயே உமி நீக்க முடிந்தால் அந்த விலையில் ஒரு பகுதி மலையிலேயே தங்கும். ஆகவே அண்ணனின் எண்ணத்தில் குறையில்லை. ஏமாற்றும் நோக்கமும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. பணம் போடும்போது "ஆள் நல்லவனா?" என்ற ஒரு கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம். நல்ல மனிதரிடம் கொடுத்த பணமும் போகும். நாணயம் வேறு, தொழிலின் இடர் வேறு. இரண்டையும் தனித்தனியே நிறுக்க வேண்டும்.

பொருள் செய்யும் தொழிலின் தன்மை

நாங்கள் மலையிலிருந்து ஆலங்காயம் பக்கம் போகும்போது காவலூர் வானாய்வகத்தின் வெண்ணிறக் கூடத்தைப் பார்த்துக்கொண்டே போவோம். பேராசிரியர் வைணு பாப்பு அவர்கள் 1968இல் அங்கே முதலில் அமைத்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுதான். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் உலகின் சில இடங்களிலிருந்து கண்டறிந்தபோது, காவலூரின் இந்தத் தொலைநோக்கியும் அதில் பங்கு கொண்டது. நம் நாட்டிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல்தான் திறக்கப்பட்டது. அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982இலேயே காலமாகிவிட்டார். இன்று அத்தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தொலைநோக்கி வியாபாரச் சரக்கு அன்று. அதற்கு அரசின் பணமும் பொறுமையும் துணை நின்றன. ஆயினும் ஓர் உண்மையை அது நமக்குக் காட்டுகிறது. கையால் தொடக்கூடிய ஒரு கருவியைச் செய்வது எண்ணியதைவிட நெடுங்காலம் எடுக்கும். காகிதத்தில் பிழை இருந்தால் அழித்து எழுதலாம். இரும்பில் பிழை இருந்தால் இரும்பைத் திரும்ப வாங்க வேண்டும்.

இயந்திரம் ஒன்றைச் செய்து காட்டுவது ஒரு படி. அதே போல நூறு இயந்திரங்களை, ஒன்றுக்கொன்று மாறாமல், சொன்ன விலையில், சொன்ன நாளில் செய்வது மற்றொரு படி. முதற்படி ஏறியவரைப் பார்த்து இரண்டாம் படியும் ஏறிவிட்டார் என்று நினைப்பதே இத்தகைய முதலீட்டில் பெரிய பிழை. பணம் பெரும்பாலும் கரைவது இவ்விரு படிகளுக்கு இடையேதான்.

வெற்றி பெற்ற ஒன்று

எங்கள் ஊர்ப் பையன்கள் பலர் வேலைக்குப் போகும் ஓசூரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. ஏதர் எனர்ஜி என்னும் மின்சார ஸ்கூட்டர் நிறுவனத்தை 2013இல் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரு இளைஞர்கள் தொடங்கினர். முதலில் அவர்கள் எண்ணியது மின்கலத் தொகுதி மட்டுமே. அதைப் பொருத்தத் தகுந்த வண்டி கிடைக்காததால் வண்டியையே செய்யத் துணிந்தனர்.

2014இல் பிளிப்கார்ட் நிறுவனர்கள் இருவர் 10 லட்சம் டாலர் தந்தனர். 2016இல் ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி ரூபாய் முதலிட ஒப்புக்கொண்டது. அவ்வாண்டே மாதிரி வண்டியைக் காட்டினார்கள். ஆனால் வாங்குவோர் கையில் வண்டி சேர்ந்தது 2018இல். ஓசூர் ஆலை இயங்கத் தொடங்கியது 2021இல். பொதுமக்கள் பங்கு வாங்க வாய்ப்பு வந்தது 2025 ஏப்ரலில். பங்கின் விலை 321 ரூபாய். அதற்கு முந்தைய 2023-24 நிதியாண்டில் மட்டும் நிறுவனத்தின் நட்டம் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

கவனியுங்கள். வெற்றி பெற்றதாக நாம் சொல்லும் நிறுவனமே முதல் வண்டியை விற்க ஐந்து ஆண்டுகள் எடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் இலாபம் காணவில்லை. அத்தனை காலமும் மீண்டும் மீண்டும் பணம் ஊற்றக்கூடியவர்கள் பின்னால் நின்றார்கள். மாதிரி வண்டி மட்டும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

தோல்வி கண்ட இரண்டு

சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியைப் பலர் இன்று மறந்திருப்பார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தும் மலிவான கருவியாக அதை வடிவமைத்தனர். 2001 வாக்கில் உலகமே பாராட்டியது. 2004இல் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆனால் விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது. கருவியில் அறிவுக்குப் பஞ்சமில்லை. அது கடைக்கு வருவதற்குள் செல்பேசி மலிந்துவிட்டது. கணினியின் விலையும் இறங்கிவிட்டது. காலம் தவறிய விதைப்பு நல்ல விதையையும் வீணாக்கும்.

மற்றொன்று அமெரிக்காவில் நடந்தது. கூலஸ்ட் கூலர் என்னும் பனிக்கட்டிப் பெட்டியைச் செய்வதாக 2014இல் ஒருவர் அறிவித்தார். 62,000க்கும் மேற்பட்டோர் முன்பணமாக ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் கட்டினார்கள். பணம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெட்டி செய்ய ஆகும் செலவு, வாங்கிய விலையை மிஞ்சிவிட்டது. பெட்டி விரைவில் வேண்டுமானால் மேலும் 97 டாலர் தாருங்கள் என்று கட்டியவர்களிடமே கேட்க நேர்ந்தது. 2019 டிசம்பரில் நிறுவனத்தை மூடியபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குப் பெட்டியே கிடைக்கவில்லை. ஒன்று விற்றால் ஒன்றுக்கு நட்டம் என்னும்போது, நிறைய விற்பது நிறைய நட்டமே.

அண்ணனின் கணக்கு

இவற்றைப் படித்தபின் அண்ணனிடம் போய், "கணக்கைக் காட்டுங்கண்ணா" என்று கேட்டேன். மறுக்காமல் தம் நோட்டைக் கொடுத்தார்.

அவருக்கு வேண்டியது 5 லட்சம். பத்துக் குடும்பங்கள் ஆளுக்கு 50,000 போட வேண்டும். ஈடாக மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு தருவார். அதாவது எங்களுக்கு நூற்றுக்கு இரண்டரை.

நாலில் ஒரு பங்கு 5 லட்சம் என்றால் முழுத் தொழிலின் மதிப்பு 20 லட்சம். அதில் நாங்கள் போடும் 5 லட்சத்தைக் கழித்தால் 15 லட்சம். பட்டறையில் பழைய லேத் ஒன்று, வெல்டிங் செட், துளையிடும் இயந்திரம், செய்து முடித்த மாதிரி ஒன்று. அவர் கணக்கிலேயே எல்லாம் சேர்த்து 3 லட்சம். மீதி 12 லட்சம் எங்கே? அது நம்பிக்கை. நம்பிக்கைக்கு விலை கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்து கொடுக்க வேண்டும்.

அடுத்தது இலாபக் கணக்கு. ஓர் இயந்திரத்துக்குச் செலவு 53,000, விற்கும் விலை 65,000, கிடைப்பது 12,000. ஆண்டுக்கு நூறு விற்றால் 12 லட்சம் என்று நோட்டில் எழுதியிருந்தது. ஆனால் பட்டறை வாடகை, மின்கட்டணம், உதவியாளர் கூலி ஆகியவை மாதம் 30,000. விற்றாலும் விற்காவிட்டாலும் இது போய்க்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 3,60,000. இதை ஈடுகட்டவே 30 இயந்திரங்கள் விற்க வேண்டும். வாங்கியவர் வீட்டுக்கு முதலாண்டில் இரண்டு முறை பழுது பார்க்கப் போனால், ஒரு பயணத்துக்கு 1,500 வீதம் 3,000 குறையும். அப்போது 40 இயந்திரங்கள் விற்றால்தான் கையைக் கடிக்காமல் இருக்கும்.

நோட்டில் இல்லாத ஒன்றும் இருந்தது. அது காலம். எங்கள் மலையில் அறுவடை முடிந்து கையில் காசு புரள்வது தை, மாசியில். இயந்திரம் வாங்குவதென்றால் அப்போதுதான் வாங்குவார்கள். ஆகவே நாற்பதில் பெரும்பகுதி தைக்குள் தயாராக இருக்க வேண்டும். முப்பது இயந்திரங்களை முன்கூட்டிச் செய்து வைக்கவே 15,90,000 ரூபாய் வேண்டும். அவர் கேட்பதோ 5 லட்சம். அதில் ஒன்பது இயந்திரங்கள்தான் செய்யலாம்.

இதைச் சொன்னபோது அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இன்னொரு தடவ கேக்க வேண்டி வரும்னு எனக்கும் தெரியும்மா" என்றார். மீண்டும் கேட்கும்போது புதிதாக வருபவர்களுக்கும் பங்கு தர வேண்டும். அவர்களுக்கும் நாலில் ஒன்று தந்தால் எங்கள் இரண்டரை, நூற்றுக்கு 1.875 ஆகக் குறையும். இது மோசடியன்று, தொழில் வளர்வதற்கு வழியே அதுதான். ஆனால் முதலில் போட்டவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மலையில் ஒரு சோதனை

பட்டறையில் இயந்திரம் நன்றாகவே ஓடியது. 10 கிலோ சாமையைக் கொட்டினால் ஆறரைக் கிலோ அரிசி வந்தது. அம்மாவும் அதைப் பார்த்துத்தான் மயங்கினார். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: "நம்ம ஊர்ல ஒரு சாயங்காலம் ஓட்டிப் பாக்கலாமாண்ணா?"

காரணம் இயற்பியல். இவ்வியந்திரத்தில் ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்று சாமையை ரப்பர் சுவரின்மேல் வீசுகிறது. மோதும் வேகத்தில் உமி கழல்கிறது. சக்கரத்தின் விட்டம் 30 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,800 சுற்று. விளிம்பின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 44 மீட்டர். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே வேகம் நூற்றுக்குப் பத்து குறைந்தால் ஆற்றல் பத்தொன்பது குறையும். மோட்டாரின் திருப்புவிசையோ மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் திருப்புவிசை நூற்றுக்கு 61 அளவே இருக்கும். அந்நிலையில் வழக்கமான அளவு சாமையைக் கொட்டினால் மோட்டார் திணறி வேகம் குறையும், உமி கழலாது.

அண்ணன் மினி வண்டியில் இயந்திரத்தை ஏற்றி வந்தார். மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வைத்தோம். தோழியிடம் இரவல் வாங்கிய மல்டிமீட்டர் 182 வோல்ட் காட்டியது. 10 கிலோ கொட்டினோம். உமியோடு கிடந்த மணிகள் பாதிக்கு மேல். மறுபடி கொட்டினோம். நொய் கூடியது. கடைசியில் தேறிய அரிசி 5 கிலோ 100 கிராம். மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு.

அண்ணன் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் கொஞ்சம் சாமையை ஏந்தி, டார்ச் வெளிச்சத்தில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்து நேரம், வோல்ட், அரிசியின் எடை மூன்றையும் எழுதிக்கொண்டார். அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் அவர் தொழில் நிற்கக்கூடும் என்ற எண்ணம் எனக்கு முதன்முதலாக வந்தது. ஆனால் ஊரார் சிலர் அப்படி நினைக்கவில்லை. "நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷினக் கொண்டாந்து அவமானப்படுத்திட்டா" என்று உறவுக்காரர் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சட்டம் சொல்வது

பங்கு என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். எந்த வகைப் பங்கு என்று கேட்க வேண்டும். நம் வணிகவியல் துறைப் பேராசிரியர் ஒருவர் எனக்கு விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன்.

1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டாளியாகச் சேர்ந்தால், தொழிலின் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு கூட்டாளியும் பொறுப்பு. 50,000 போட்டவரின் நட்டம் 50,000 ரூபாயோடு நிற்காது. கடன்காரர் அவர் வீட்டையும் நிலத்தையும் தேடி வரலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் வரம்புறு பொறுப்புக் கூட்டாண்மையிலும், 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி அமையும் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்திலும் போட்ட பணத்தோடு பொறுப்பு நின்றுவிடும்.

பிரைவேட் லிமிடெட் நிறுவனம் பொதுமக்கள் எல்லோரிடமும் விளம்பரம் செய்து பங்கு விற்க முடியாது. தனிப்பட அழைத்துத் தரும் பங்குக்கும் பணத்தை ரொக்கமாக வாங்கக்கூடாது. வங்கி வழியாகவே வாங்க வேண்டும். பணம் பெற்ற 60 நாளுக்குள் பங்கை ஒதுக்க வேண்டும். தவறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அண்ணனின் தொழில் இன்னும் எந்த வகையிலும் பதிவாகவில்லை. அவர் தருவதாகச் சொன்னது ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து.

இன்னொன்றும் உண்டு. பதிவான நிறுவனமே ஆனாலும், சந்தையில் பட்டியலிடாத பங்கை அவசரத்துக்கு விற்க முடியாது. ஆட்டை விற்கலாம், புளியை விற்கலாம், நகையை அடகு வைக்கலாம். இந்தப் பங்கை வாங்க ஆள் கிடைப்பது அரிது.

சராசரியும் ஒற்றை ஆளும்

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். இத்தகைய தொழில்கள் பத்தில் ஆறு முழுதும் மூழ்குகின்றன. மூன்று போட்ட பணத்தைத் திருப்புகின்றன. ஒன்று பத்து மடங்கு தருகிறது. ஒவ்வொன்றிலும் 5,000 வீதம் 50,000 போட்டவருக்குத் திரும்பி வருவது 15,000 உடன் 50,000, ஆக 65,000. நூற்றுக்கு முப்பது இலாபம். கணக்கு போடச் சொல்கிறது.

ஆனால் எங்களிடம் இருப்பது பத்து வாய்ப்பன்று, ஒன்றே ஒன்று. அந்த ஒன்று மூழ்குவதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு. சராசரி என்பது பலமுறை ஆடக்கூடியவனுக்கு உரியது. ஒரே ஒரு முறை ஆடுகிறவனுக்குச் சராசரி சோறு போடாது. பத்தில் பிரித்துப் போட்டவருக்கும்கூட, பத்து மடங்கு தரும் அந்த ஒன்று அகப்படாமலே போக நூற்றுக்கு முப்பத்தைந்து வாய்ப்பு உண்டு (0.9ஐப் பத்து முறை பெருக்கினால் 0.35). ஓசூர்த் தொழிலில் பணம் போட்ட பெரிய முதலீட்டாளர் ஒருவர் அதை இழந்தாலும் மறுநாள் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அதே இடர், போடுகிறவரைப் பொறுத்து வேறு எடையாகிறது.

வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கச் செய்யும் முயற்சியில் அறிவுடையோர் இறங்கமாட்டார் என்ற கருத்தை வள்ளுவர் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அது கோழைத்தனத்தைப் போதிப்பதன்று. முதல் எது, ஆதாயம் எது என்று பிரித்தறியச் சொல்கிறது.

இந்தப் பிரிவை எனக்குக் கணக்கைவிடத் தெளிவாகக் காட்டியவர் அம்மா. நான் நோட்டும் பென்சிலுமாக விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பரணைக் காட்டினார். அங்கே மூன்று வகையாகச் சாமை இருக்கும். விற்கும் சாமை, தின்னும் சாமை, விதைச் சாமை. விற்கும் சாமையைக் கடனுக்கும் கொடுப்போம். தின்னும் சாமையில் இல்லாதவருக்கு ஒரு படி அளப்போம். விதைச் சாமையைச் சாவே வந்தாலும் தொடமாட்டோம்.

"தபால் ஆபீஸ்ல இருக்கிற பணத்துல எது விதைன்னு நீ சொல்லு, மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அஞ்சலகத்தில் இருந்தது 62,000. தம்பி இந்த ஆண்டு பாலிடெக்னிக்கில் சேர வேண்டும். அதற்கு 45,000 வைத்தோம். அது விதை. யாருக்காவது நோய் வந்தால் வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ கொண்டு போக 12,000. அது தின்னும் சாமை. மீதி 5,000. அதுதான் நாங்கள் இழந்தாலும் தாங்கக்கூடியது. கேட்டதோ 50,000. விடை அங்கேயே இருந்தது.

என்ன செய்தோம்?

முடியாது என்று சொல்லி நாங்கள் விலகவில்லை. எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, ஆளுக்கு 4,000 வீதம் 16,000 ரூபாயைப் பங்காக அன்றி, ஓர் இயந்திரத்துக்கு முன்பணமாகக் கொடுத்தோம். வங்கி வழியாகவே கொடுத்தோம். தாளில் மூன்று வரிகள் எழுதினோம்: மாலை நேர மின்னழுத்தத்தில் எங்கள் ஊரிலேயே 10 கிலோவுக்கு 6 கிலோ அரிசி தர வேண்டும், சித்திரைக்குள் தர வேண்டும், இயலாவிட்டால் பணத்தை நான்கு தவணையில் திருப்ப வேண்டும். மகளிர் குழுவின் சேமிப்பைத் தொடவில்லை. அது பலருடைய விதை.

அண்ணனுக்கும் இதனால் நன்மை உண்டு. எங்கள் பங்குப் பணம் அவருக்கு ஒன்பது இயந்திரங்களைத் தந்திருக்கும். ஒன்பதும் மாலையில் திணறியிருக்கும். முன்பணமோ ஒரே ஓர் இயந்திரத்தைச் சரியாகச் செய்யும்படி அவரைக் கட்டாயப்படுத்துகிறது. பெரிய இடரைத் தாங்குவதற்கென்று வேறு வழிகளும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் புத்தொழில் இயக்கத்தில் தொடக்க நிதி தரும் டான்சீட் திட்டம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொடங்கும் புத்தொழில்களுக்கென 2022-23இல் 30 கோடி ரூபாயில் ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. அவற்றுக்கு விண்ணப்பிக்க முதலில் தொழிலைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான தாள்களை அண்ணனுக்காக இப்போது நான்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

நண்பர்கள் குறித்து வைத்துக்கொள்ள இவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. காட்டியது ஓர் இயந்திரமா, ஒரே மாதிரியான பல இயந்திரங்களா?

2. வாங்குபவர் இடத்தில், வாங்குபவர் சரக்கில், வாங்குபவர் மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்தார்களா?

3. ஒன்றை விற்றால், பழுது பார்க்கும் செலவும் போக, எவ்வளவு மிஞ்சும்? எத்தனை விற்றால் மாதச் செலவு அடையும்?

4. கேட்கும் பணம் முதல் விற்பனைக் காலம் வரை போதுமா? போதாவிட்டால் அடுத்த பணம் யாரிடமிருந்து, என்ன பங்குக்கு?

5. தொழில் எந்தச் சட்டத்தின்படி பதிவானது? நம் பொறுப்பு எந்த எல்லையோடு நிற்கும்?

6. நம் பணம் திரும்ப வர வழி என்ன, எத்தனை ஆண்டில்?

7. முழுதும் போனால் நம் வீட்டில் எது நிற்கும்?

முதல் ஆறு கேள்விகளுக்கும் நல்ல விடை வந்தாலும் ஏழாவதற்கு விடை சரியில்லையானால் போடக்கூடாது. ஏனெனில் முதல் ஆறும் அவர் தொழிலைப் பற்றியவை. ஏழாவது நம்மைப் பற்றியது.

முடிவுரை

இதை எழுதும்போது அண்ணன் இரண்டாம் மாதிரியை முடித்துவிட்டார். சாமை ஒரே சீராக விழும்படி வாய்க்கு ஒரு தடுப்பு வைத்து, மோட்டாரையும் மாற்றியிருக்கிறார். சென்ற ஞாயிறு மாலை 185 வோல்ட்டில் 10 கிலோவுக்கு 5 கிலோ 800 கிராம் தேறியது. ஆறுக்கு இன்னும் 200 கிராம் குறைவு. சித்திரைக்கு நாள் இருக்கிறது.

நாளை அவர் பெரிய முதலாளியாகலாம். அன்று "இரண்டரைப் பங்கை விட்டுவிட்டாளே" என்று ஊர் என்னைச் சொல்லலாம். அந்தப் பேச்சுக்கும் நான் மனத்தைத் தயார் செய்துகொண்டேன். ஒரு முடிவு சரியா என்பதை அதனால் வந்த பலனை வைத்து மட்டும் அளக்கக்கூடாது. எடுத்த நாளில் கையில் இருந்ததை வைத்து அளக்க வேண்டும். காவலூரிலும் முதலில் வைத்தது 38 சென்டிமீட்டர்தான். மலையின் வானத்தை அதைக் கொண்டு பார்த்தறிந்த பின்பே பெரியது வந்தது. நாங்கள் வைத்தது 4,000 ரூபாய்.

தம்பியின் சேர்க்கைப் படிவத்தை அடுத்த மாதம் நிரப்ப வேண்டும். விதை பரணில் பத்திரமாக இருக்கிறது.